ரொட்டி போகும் வழியில் ஒரு கோப்பை தேத்தண்ணி

பதுளை, பசறை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் விடியும் முன்பே லயத்து அடுப்புகள் எரியத் தொடங்கிவிடும். கோதுமை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல், சுடச்சுடத் தேத்தண்ணி. சாப்பிட்டவர் கூடையோடு மலையேறிக் கொழுந்து பறிக்கையில் வயிற்றுக்குள்ளும் வேலை தொடங்கியிருக்கும்.

அந்த வேலைக்கு வாய்தான் தொடக்கம். ரொட்டியை நன்றாக மென்றால் லேசாக இனிக்கும். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்ற நொதியம் மாப்பொருளைச் சர்க்கரையாக உடைப்பதால் வரும் இனிப்பு அது. சம்பலின் உறைப்போ உண்மையில் சுவையே அல்ல. மிளகாயிலுள்ள கப்சைசின், சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது; அதைத்தான் காரம் என்கிறோம்.

விழுங்கிய கவளத்தை உணவுக்குழாயின் தசைகள் பிழிந்து பிழிந்து கீழே தள்ளுகின்றன. சரிவில் குனிந்து நின்று விழுங்கினாலும் அது இரைப்பைக்கே போய்ச் சேரும். அங்கே ஐதரோகுளோரிக் அமிலமும் பெப்சினும் புரதத்தைத் தாக்குகின்றன. அந்த அமிலம் இரைப்பையையே அரித்துவிடாமல் ஒரு சளிப்படலம் காக்கிறது. இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் ரொட்டி கூழாகிவிடும்.

அடுத்தது சுமார் 6 மீற்றர் நீளமுள்ள சிறுகுடல். ஈரலில் சுரக்கும் பித்தம் தேங்காயின் கொழுப்பைச் சிறு துளிகளாகப் பிரிக்க, கணையநீர் மிச்சத்தை உடைக்கிறது. தேயிலைச் செடிகள் மூடிய மலைச்சரிவு போல உட்சுவர் முழுதும் நுண்ணிய சடைமுளைகள். சத்துகள் அவற்றின் வழியாகத்தான் உடலுக்குள் போகின்றன.

சிறுகுடலின் தொடக்கப் பகுதியில்தான் இரும்புச்சத்தும் உறிஞ்சப்படுகிறது. தேத்தண்ணி குறுக்கே வருவதும் இங்கேதான். கோதுமை, கீரை, பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்பைத் தேயிலையின் பொலிபினோல்கள் பற்றிக்கொள்வதால் குடற்சுவரால் அதை எடுக்க முடிவதில்லை. ரொட்டி போன்ற உணவோடு கறுப்புத் தேநீர் குடித்தால் இரும்பு உறிஞ்சல் பாதிக்கும் கீழே குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை நெடுநாள் சிக்கல் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

ஒரு காலத்தில் இதே சிறுகுடலில் வேறொரு கள்வனும் இருந்தான்: கொக்கிப்புழு. வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும் இதன் குடம்பி, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடையும். அங்கே சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். இலங்கைத் தோட்டங்களில் இதற்கு எதிராக ரொக்கபெல்லர் நிறுவனம் 1916இல் இயக்கம் தொடங்கியது. மருந்தோடு மலசலகூடங்களும் அந்தப் போராட்டத்தின் பகுதியாயின.

இரும்பு வீணாகாமலிருக்கத் தேத்தண்ணியைக் கைவிட வேண்டியதில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடித்தால் தடை வெகுவாகக் குறையும். சம்பலில் பிழியும் தேசிக்காயின் விற்றமின் சி இரும்பு உறிஞ்சலைக் கூட்டும். கூடவே ஒரு துண்டு கருவாடு இருந்தால் இன்னும் நல்லது.

மிஞ்சியது பெருங்குடலுக்குப் போகும். சுமார் ஒன்றரை மீற்றர் நீளமான அந்தப் பாதையில் தண்ணீர் உறிஞ்சப்படும். செரிக்காத நாரில் ஒரு பங்கைப் பற்றீரியாக்கள் தின்னும். இன்று காலைச் சம்பலின் தேங்காய்ப்பூச் சக்கை வெளியேறுவதற்குள் அந்த லயத்தில் இன்னும் ஒன்றிரண்டு காலை ரொட்டி சுட்டு முடிந்திருக்கும்.