சலூனை செல்போனில் படம் பிடிப்பது எப்படி? கண்ணாடியில் மாட்டிக்காதீங்க!

சென்னை:
கடையில் புது நாற்காலி, பளபள கண்ணாடி. ஆனால் கூகுள் மேப் படத்தில் பார்த்தால் இருட்டுக் குகை! பார்த்தவர் அடுத்த தெரு சலூனுக்கு நடையைக் கட்டுகிறார். போட்டோகிராபருக்கு பணம் இல்லையா? கையில் இருக்கும் செல்போனே போதும்.

முதலில் தரையில் கிடக்கும் முடியை கூட்டணும். லென்சில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை துடைக்கணும்.

பலரும் செய்யும் தப்பு, உள்ளே நின்று வாசலைப் பார்த்து எடுப்பது. வெளி வெளிச்சத்துக்கு ஏற்ப செல்போன் தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். வாசல் வெளுத்து, கடை கறுத்துப் போகும். வாசலுக்கு முதுகு காட்டி நின்று எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது.

பகல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்பும் எரிந்தால் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள் அடிக்கும். பல்பை அணைச்சிடுங்க.

சலூனில் பெரிய தொல்லை கண்ணாடிதான். நேரா நின்னா எடுப்பவரே படத்தில் விழுவார். பிளாஷ் போட்டால் பளீர்னு வெள்ளைப் புள்ளி. பிளாஷை ஆஃப் செய்து, வாசல் பக்க மூலையில் இருந்து எடுங்க. கடையும் பெரிசா தெரியும். செல்போனை நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடிக்கணும். சாய்த்தால் சுவரும் சாயும். கை நடுங்கினால் ஸ்டூலில் வைத்து டைமர் போடலாம்.

கூகுளில் ஏற்ற ஜேபிஜி அல்லது பிஎன்ஜி படம், 10 கேபி முதல் 5 எம்பி வரை இருக்கணும். 720-க்கு 720 பிக்சல் நல்லது.

நாற்காலியில் ஆள் இருந்தால் கேட்காமல் எடுக்காதீங்க. வேற கடை படத்தைச் சுட்டும் போடாதீங்க. நேரில் வந்து ஏமாந்தவர் ஒற்றை ஸ்டார்தான் போடுவார்!