மூட்டுகளின் கதை – 9: சுண்டுவிரல் பக்கம் சாயும் கை

முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. வீங்கிய சவ்வு குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. இவையெல்லாம் சென்ற வாரமே வந்துவிட்டன. இனி தோளிலிருந்து விரல் வரை.

தோள் இறுகும்போது கையைத் தலைக்கு மேல் தூக்குவதும் முதுகுப் பக்கம் கொண்டுபோவதும் குறைகின்றன. தலை வாருவதும் முதுகில் சோப்புப் போடுவதும் அடுத்தவர் உதவியைக் கேட்கும். முழங்கை முழுதாக நீளாது. ஆனால் அது மடங்கியபடியே இருந்தாலும் சோறு வாய்க்குப் போய்விடும். அதனால் பலர் இந்தக் குறையை வெகுநாள் கவனிப்பதே இல்லை.

விரல்களில் அடிமூட்டும் நடுமூட்டும் முதலில் வீங்குகின்றன. நுனிமூட்டு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. காலையில் எழுந்ததும் கை இறுகிக் கிடக்கும். ஒரு மணி நேரம் கழிந்த பிறகும் சட்டைப் பொத்தான் போட வராது.

நோய் முற்றிய கையில் விரல்கள் நான்கும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருக்கும். கோளாறு பெரும்பாலும் மணிக்கட்டில் தொடங்குகிறது. அங்கே தசைநார்கள் தளர்ந்ததும் உள்ளங்கை எலும்புகள் கட்டைவிரல் பக்கம் சாய்கின்றன. விரல்கள் அதை ஈடுகட்ட எதிர்ப்பக்கம் போகின்றன. இதற்கிடையே விரலை நிமிர்த்தும் தசைநாணை அடிமூட்டின் உச்சியில் பிடித்துவைக்கும் பட்டையும் நைந்துபோகிறது. ராட்டினத்தை விட்டு நழுவிய கிணற்றுக் கயிறு போல நாண் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கிவிடும். அதன் பிறகு விரலை நிமிர்த்த இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் அதை மேலும் சாய்க்கிறது. சாவியைப் பிடிக்கும்போது கட்டைவிரல் தரும் அழுத்தமும் ஆள்காட்டி விரலை அதே பக்கம்தான் தள்ளுகிறது. நோயாளி கையைப் பயன்படுத்துவதே கோணலை வளர்ப்பது இந்த நோயின் பெருங்கொடுமை.

இந்தக் கையைப் பார்க்க ஒரு திரைப்படமே இருக்கிறது. 1915இல் சாஷா கீத்ரி எடுத்த மௌனப் படம் ஒன்றில் பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் வரைந்துகொண்டிருக்கிறார். அவருக்கு நோய் தொடங்கியது 1892 வாக்கில், ஐம்பது வயதை ஒட்டி. 1907இல் தென் பிரான்சின் கான்யு-சுர்-மேர் ஊரில் தோட்டம் வாங்கிக் குடியேறினார். சில ஆண்டுகளில் சக்கர நாற்காலிதான் கதி என்றானது. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிவிட்டன. கையில் துணிக்கட்டு தெரிவதால் தூரிகையைக் கையோடு கட்டிவிட்டார்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. மெலிந்த தோல் புண்ணாகாமல் காக்கத்தான் துணி. தூரிகையை இன்னொருவர் எடுத்து விரல்களுக்கிடையே செருகுவார். பிடிப்பது அவர் கைதான்.

வலது தோளும் இறுகிப் போனவர் பெரிய ஓவியத்தின் மேல்மூலையை எட்டியது எப்படி? கை ஓவியத்திடம் போகவில்லை, ஓவியம் கையிடம் வந்தது. திரைச்சீலையை உருளைகளில் சுற்றி, வரைய வேண்டிய பகுதியைக் கைக்கு நேரே கொண்டுவரும்படி ஒரு சட்டம் அமைத்தார்கள். இறக்கும் ஆண்டான 1919 வரை அவர் வரைந்தார். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள ‘குளிக்கும் பெண்கள்’ அந்தக் கடைசிக் காலத்து வேலை. இன்று கைத்திறன் பயிற்சியாளர்கள் செய்வதும் இதுதான்: கரண்டிக்குத் தடித்த பிடி, குழாய்க்கு நீண்ட திருகி, கைக்கெட்டும் உயரத்தில் அலமாரி.

நடுமூட்டு பின்பக்கம் வளைந்து நுனி கவிழும் அன்னக்கழுத்து விரல், நடுமூட்டு மடங்கி நுனி நிமிரும் விரல், இசட் வடிவில் மடியும் கட்டைவிரல் ஆகியவற்றையும் இந்த வாரமே விரித்திருக்க வேண்டும். ரெனுவார் இடத்தை எடுத்துக்கொண்டார். அவை அடுத்த வாரம், தசைநாண் அறுவதோடு சேர்ந்து வரும். ஆனால் ஒன்று அதுவரை காத்திருக்கக் கூடாது. நோயுள்ளவருக்குச் சுண்டுவிரலோ மோதிர விரலோ, வலிகூட இல்லாமல், திடீரென்று நிமிர மறுத்தால் நாண் அறுந்திருக்கலாம். அடுத்த விரலின் நாணும் அறுவதற்குள், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.