நித்தியகல்யாணி: மருந்துக்கு மூலமான செடி, வீட்டு வைத்தியத்திற்கு உரியதன்று

நித்தியகல்யாணி, ஆண்டு முழுவதும் இளஞ்சிவப்பு அல்லது வெண்ணிறத்தில் பூக்கும் சிறு புதர்ச்செடியாகும். அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த இது ஏறத்தாழ 1 மீட்டர் உயரம் வளரும். சுடுகாட்டு மல்லி என்றும் அழைக்கப்படுகிறது. நம் வீட்டுத் தோட்டங்களிலும் சாலையோரங்களிலும் பரவலாகக் காணப்பட்டாலும், இதன் இயற்கையான தாயகம் மடகாஸ்கர் தீவு மட்டுமே.

மருந்து கண்டறியப்பட்ட விதம்

பல நாடுகளில் இதன் இலைக் கஷாயம் நீரிழிவுக்கு நாட்டு மருந்தாகப் பயன்படுத்தப்பட்டது. 1950களில், ஜமைக்காவிலிருந்து பெறப்பட்ட இலைகளைக் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகியோர் ஆராய்ந்தனர். ஆய்வு எலிகளின் இரத்தச் சர்க்கரை குறையவில்லை. வெள்ளையணுக்களின் எண்ணிக்கையே குறைந்தது. இதன் தொடர்ச்சியாக 'வின்பிளாஸ்டின்' பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் இதே செடியிலிருந்து 'வின்கிறிஸ்டின்' கிடைத்தது. 1963இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

எவ்வாறு செயல்படுகின்றன?

உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு நுண்குழல்கள் தேவை. இம்மருந்துகள் அவை உருவாவதைத் தடுப்பதால் புற்றணுக்களின் பெருக்கம் நின்றுவிடுகிறது. குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டினும், ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய்க்கு வின்பிளாஸ்டினும் பயன்படுகின்றன. இரண்டும் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளன.

இலையை ஏன் உண்ணக் கூடாது?

இலையில் இம்மருந்துப் பொருள்கள் மிகச் சிறிதளவே உள்ளன; அவற்றுடன் வேறு பல ஆல்கலாய்டுகளும் கலந்துள்ளன. ஆகவே, கஷாயத்தால் புற்றுநோய் குணமாகாது; நஞ்சாகும் வாய்ப்பே மிகுதி. மருத்துவமனையில் அளந்து, சிரைவழியாக மட்டுமே செலுத்தப்படும் தூய மருந்துகூட நரம்புகளையோ எலும்பு மஜ்ஜையையோ பாதிக்கக்கூடும். அதனால்தான் சிகிச்சைக் காலத்தில் இரத்தப் பரிசோதனைகள் செய்யப்படுகின்றன.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

• நீரிழிவு மாத்திரைகளையோ இன்சுலினையோ நிறுத்திவிட்டு இக்கஷாயத்தை அருந்தாதீர்கள். கட்டுப்பாடற்ற சர்க்கரை கண்களையும் சிறுநீரகங்களையும் சிதைக்கும்.
• கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதை அறவே தவிர்க்க வேண்டும்.
• புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், உட்கொள்ளும் மூலிகைகள் அனைத்தையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.
• குழந்தைகள் இலையையோ பூவையோ மெல்லாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.
• உட்கொண்டவருக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு ஏற்பட்டால் உடனே 108ஐ அழையுங்கள். வாந்தியெடுக்க வற்புறுத்தாதீர்கள், செடியின் ஒரு கிளையை மருத்துவமனைக்கு உடன் எடுத்துச் செல்லுங்கள்.

அழகுக்காக இச்செடியை வளர்ப்பதில் தீங்கில்லை. மருந்தாக இது வர வேண்டிய இடம் மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு மட்டுமே.