கனவு பைக் கராஜ்: ஐந்தே ஐந்து பைக்தான்னா எதை எல்லாம் சேர்ப்பீங்க?

2023 ஜூலையில் ஒரு வீடியோ செம வைரல். ராஞ்சியில் தோனியின் பைக் கராஜுக்குப் போன முன்னாள் வீரர் வெங்கடேஷ் பிரசாத், வாயைப் பிளந்தபடி எடுத்த வீடியோ அது. வரிசை வரிசையாகப் பைக்குகள். ஷோரூமே தோத்துப்போகும்! பார்த்த எல்லாருக்கும் மனசுல ஒரே கேள்விதான் ஓடியிருக்கும்: "நமக்கும் இப்படி ஒண்ணு இருந்தா?"

கனவு காணக் காசு கேட்க மாட்டாங்க. ஆனா, 'எல்லா பைக்கும் வேணும்'னு சொல்றது கனவே இல்லை, அது ஆசை மட்டும்தான். கனவுன்னா ஒரு பிளான் வேணும். அந்தப் பிளானுக்கு மாமல்லபுரத்துலயே ஒரு ஐடியா இருக்கு.

ஐந்து ரதங்களைப் பார்த்திருப்பீங்க. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்கள் பாறையிலேயே செதுக்கியவை. ஒண்ணு குடிசை மாதிரி, இன்னொண்ணு வண்டிக்கூண்டு மாதிரி நீளமா, இன்னொண்ணோட பின்பக்கம் யானை முதுகு மாதிரி. ஒரே மாதிரி ஐந்து ரதம் செதுக்கியிருந்தா நாம அங்க நின்னு பார்ப்போமா? நல்ல கலெக்‌ஷனோட ரகசியமும் இதுதான். எண்ணிக்கை முக்கியம் இல்லை, ஒவ்வொண்ணும் வேற வேறயா இருக்கணும்.

அதனால நம்ம கராஜில் ஐந்தே இடம். கராஜ் இருப்பது செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், திருக்கழுக்குன்றம் பக்கம்னு வெச்சுக்கோங்க. விதி ஒண்ணுதான்: ஒவ்வொரு பைக்குக்கும் ஒரு வேலை, ஒரு ரோடு இருக்கணும்.

1. பழைய புல்லட் 350: சொந்த ஊர்க்காரன்

புல்லட் பிறந்தது இங்கிலாந்தா இருக்கலாம், வளர்ந்தது நம்ம ஊர்லதான். இந்திய ராணுவம் எல்லை ரோந்துக்கு 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' உருவாகி, திருவொற்றியூரில் வண்டி தயாரானது. 1970 வாக்கில் இங்கிலாந்து கம்பெனி கதவை மூடியபோதும் சென்னையில் மட்டும் 'டப் டப்' நிக்கவே இல்லை. இப்போ செங்கல்பட்டுக்குப் பக்கத்து ஏரியாவான ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலைகள் இருக்கு.

இதோட ரோடு செங்கல்பட்டு - திருக்கழுக்குன்றம் - மாமல்லபுரம். சுமார் 30 கிலோமீட்டர், அவசரமே இல்லாத ரூட். ஒரு எச்சரிக்கை: பழைய புல்லட்ல கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. புது பைக்ல பழகின கால், அவசரத்துல பிரேக்குனு நினைச்சு கியரை மிதிக்கும். காலி மைதானத்துல பழகாம ரோட்டுக்கு எடுக்காதீங்க.

2. யமஹா ஆர்எக்ஸ்100: சின்ன உடம்பு, பெரிய சத்தம்

1985-ல் வந்து 1996-ல் நின்னுபோன வண்டி. 98 சிசி, சுமார் 11 குதிரைத்திறன், எடை கிட்டத்தட்ட 100 கிலோ. இன்னிக்கு இந்த நம்பர்களைப் பார்த்தா சிரிப்பு வரலாம். ஆனா இது டூ-ஸ்ட்ரோக். ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின்ல கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினாதான் ஒரு தடவை பெட்ரோல் எரியும். டூ-ஸ்ட்ரோக்ல ஒவ்வொரு சுத்துக்கும் எரியும். எடை குறைஞ்ச வண்டியில் இது சேர்ந்தா, த்ராட்டிலைத் திருகின நொடியே வண்டி பாயும்.

பெட்ரோலோட ஆயிலும் சேர்ந்து எரியுறதால புகை அதிகம். மாசு விதிகள் கடுமையானதும் டூ-ஸ்ட்ரோக் பைக்குகளோட காலம் முடிஞ்சது. நல்ல கண்டிஷன் ஆர்எக்ஸுக்கு இப்போ லட்ச ரூபாய்க்கு மேல விலை சொல்றாங்க. அதனாலயே ஏமாத்து வேலையும் அதிகம். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டும் ஆர்.சி-யோட அப்படியே பொருந்துதானு பார்க்காம அட்வான்ஸ்கூட கொடுக்காதீங்க. நம்பரைச் சுரண்டின தடம் தெரிஞ்சா, ஒரு கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிடுங்க.

3. யெஸ்டி: அப்பா தலைமுறையோட கெத்து

மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961 முதல் 'ஜாவா'வும், பிறகு 'யெஸ்டி'யும் தயாரிச்சது. 1996-ல் மூடப்பட்டது. 250 சிசி டூ-ஸ்ட்ரோக், ரெண்டு பக்கமும் நீள சைலன்சர். இதுல ஒரு மேஜிக் இருக்கு: கிக்கரும் கியர் லீவரும் ஒண்ணேதான்! மேலே திருப்பி உதைச்சா ஸ்டார்ட் ஆகும், முன்னால திருப்பினா கியர். 2022-ல் யெஸ்டி பெயர்ல புது பைக்குகள் வந்தாச்சு, ஆனா அவை ஃபோர்-ஸ்ட்ரோக். நம்ம லிஸ்ட்டுக்குப் பழசுதான். வேலை? ஞாயிற்றுக்கிழமை காலைல கொளவாய் ஏரி ஓரமா ஒரு ரவுண்டு, அவ்வளவுதான்.

4. இன்டர்செப்டர் 650: ஈ.சி.ஆர் ஸ்பெஷல்

முட்டுக்காடு, கோவளம், முதலைப் பண்ணை, மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை... ஈ.சி.ஆர்-ல் நாள் முழுக்க ஓட்ட ஒரு ட்வின் சிலிண்டர் வேணும். 2018-ல் வந்த இன்டர்செப்டர், 648 சிசி, 47 குதிரைத்திறன். அதிர்வு குறைவு, உட்கார வசதி. பல கோடி ரூபாய் கராஜ் இல்லாதவங்களும் ஒருநாள் எட்டிப்பிடிக்கக்கூடிய கனவு இது.

ஆனா ஈ.சி.ஆர் ரேஸ் டிராக் இல்லை. டீக்கடையிலிருந்து ஒருத்தர் ரோட்டைக் கடப்பார், ரிசார்ட் வாசல்ல கார் திரும்பும், மாடு படுத்திருக்கும், வளைவுல மணல் கிடக்கும். விடியற்காலை ஈ.சி.ஆர் ரேஸ்ல போன உயிர்கள் எல்லாம் உங்க வயசுதான். ஸ்பீடு வேணும்னா இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்க. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட சுமார் 3.7 கிலோமீட்டர் டிராக் அங்க இருக்கு. எதிர்ல வண்டி வராது, விழுந்தா தூக்க ஆம்புலன்ஸும் நிக்கும்.

5. டிவிஎஸ் 50: சிரிக்காதீங்க பாஸ்

1980-ல் ஓசூரில் இருந்து வந்த டிவிஎஸ் 50, ரெண்டு பேர் போகிற மாதிரி இந்தியாவில் தயாரான முதல் மொபெட். அதோட வாரிசு எக்ஸ்எல், இப்போ ஃபோர்-ஸ்ட்ரோக். கோவளத்துல மீன் பெட்டி, திருக்கழுக்குன்றத்துல தேங்காய் மூட்டை, மதுராந்தகத்துல நெல் மூட்டை... எல்லாத்தையும் சுமக்கிறது இதுதான். மத்த நாலு பைக்கும் மக்கர் பண்ற அன்னிக்கு, ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போறதும் இதுலதான்!

வில்லன் பெயர் உப்புக்காத்து

கடற்கரைக்குப் பக்கத்துல கராஜ்னா கேட்க ரொமான்டிக்கா இருக்கும். ஆனா கடல்காத்துல இருக்கிற உப்பு, ஈரத்தை இழுத்து இரும்பு மேல உட்கார வைக்கும். செயின், ஸ்போக்ஸ், ஃபோர்க்கோட குரோம், வயர் கனெக்டர்னு ஒவ்வொண்ணா துரு ஏறும். மாமல்லபுரம் போய் வந்த அன்னிக்கே நல்ல தண்ணியில கழுவி, துடைச்சு, செயினுக்கு ஆயில் விடுங்க. 'வெறும் கவரைப் போட்டு மூடினா போதும்'னு நினைக்காதீங்க. ஈரத்தோட மூடின வண்டி, திறந்து கிடக்கிற வண்டியைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

இன்னொரு வில்லன், நிக்கிற பெட்ரோல். இப்போ பங்க்ல கிடைக்கிற பெட்ரோல்ல 20% வரை எத்தனால் கலந்திருக்கு. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், பழைய வண்டிகளோட ரப்பர் ஹோஸ், வாஷரைப் பதம் பார்க்கும். மாசக்கணக்குல நிறுத்தப் போறீங்கன்னா கார்புரேட்டர்ல இருக்கிற பெட்ரோலை வடிச்சுடுங்க.

ஐந்து பைக், ஒரே ஆள்: கணக்கு சரியா வருதா?

ஒரு பைக்கை வாரம் அரை மணி நேரமாவது ஓட்டணும்னா, ஐந்துக்கு ரெண்டரை மணி நேரம். ஐந்து இன்ஷூரன்ஸ், ஐந்து மாசு சான்றிதழ், பத்து டயர். பதிவு முதல்ல 15 வருஷம் செல்லும். அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும், பசுமை வரியும் உண்டு. 50 வயசைத் தாண்டின, ஒரிஜினல் நிலையில் இருக்கிற பைக்குகளுக்கு 2021-ல் 'விண்டேஜ்' பதிவு முறை வந்திருக்கு. நம்பர் பிளேட்ல 'விஏ' எழுத்தும் கிடைக்கும். ஆனா, அதைத் தினசரி ஓட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது.

இதெல்லாம் பயமுறுத்த இல்லை. ஐந்தையும் ஒரே நேரத்துல இ.எம்.ஐ-ல் வாங்கினா, கராஜ்ல நிக்கிறது பைக் இல்லை, கடன். ஒண்ணு வாங்கி, அதை நல்லா வெச்சுக்கத் தெரிஞ்ச பிறகு அடுத்தது.

முதல் பைக் எங்கே கிடைக்கும்?

ஜி.டி.நாயுடு பத்தி ஒரு கதை சொல்லுவாங்க. வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தரோட ரட்ஜ் பைக்கைப் பார்த்து மயங்கி, கோவையில் ஹோட்டல் வேலை பார்த்துச் சேர்த்த பணத்துல அதையே வாங்கினாராம். வாங்கி முதல்ல பண்ணது, அக்கக்காகக் கழட்டி மறுபடி மாட்டினது! அவர் பெயரைச் சொல்லும் ஜீடி கார் மியூசியம் இன்னிக்குக் கோவை அவிநாசி ரோட்டில் இருக்கு.

உங்க முதல் பைக்கும் ஓ.எல்.எக்ஸ்ல இல்லாம இருக்கலாம். வீட்டு மாடிப்படிக்குக் கீழே, தார்ப்பாய்க்குள்ள அப்பாவோட ஸ்ப்ளெண்டரோ, தாத்தாவோட டிவிஎஸ் 50-யோ நிக்குதா? பழைய இரும்புக்காரர் வர்றதுக்குள்ள பார்த்துடுங்க. எடுத்ததும் கிக்கரை உதைக்காதீங்க. பழைய பெட்ரோலை வடிச்சு, டேங்க் உள்ளே துரு இருக்கானு டார்ச் அடிச்சுப் பாருங்க. இன்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், டியூப், பிரேக் கேபிள் மாத்தி, கார்புரேட்டரைச் சுத்தம் பண்ணின பிறகு உதைங்க. ஆர்.சி-யைத் தேடி எடுங்க. உயிரோட இருக்கிற அப்பா பெயர்ல இருந்து மாத்த படிவம் 29, 30. வண்டிக்காரர் இறந்துட்டார்னா வாரிசுக்கு மாத்த படிவம் 31, அதுக்கு மூணு மாசம்தான் டைம். தாமதம் ஆகியிருந்தாலும் ஆர்.டி.ஓ ஆபீஸ்ல போய்க் கேளுங்க.

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களும் முழுசா முடிக்கப்படாதவைதான். உங்க கராஜும் முழுசாக ரொம்ப வருஷம் ஆகலாம். அதுவரைக்கும் ஒரு பைக், ஒரு ரோடு, தலையில ஐ.எஸ்.ஐ ஹெல்மெட், பின்னாடி உட்காரும் நண்பனுக்கும் ஒண்ணு. ஞாயிற்றுக்கிழமை காலைல திருக்கழுக்குன்றம் ரூட்ல கிளம்ப இது போதும்!