கிடார் வாங்கி விற்கும் அன்பர்கள் கவனத்திற்கு

மழைக்காலத்தில் ஏற்காட்டுக் கடைகளில் கல் உப்பு நீர் விடும், அப்பளம் நமத்துப் போகும். மரமும் ஈரம் குடிக்கும். உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று எலக்ட்ரிக் கிடார் வாங்கி வைக்க நினைக்கும் அன்பர்கள், தந்தி ஓடும் அந்த நீண்ட கழுத்தை முதலில் பார்க்க வேண்டும்.

கழுத்து உடலோடு சேரும் விதம் மூன்று. ஃபெண்டர் கம்பெனி 1950-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கிடாரில் திருகாணியால் முடுக்கினார்கள். 1952-இல் வந்த கிப்சன் லெஸ் பாலில் பசை போட்டு ஒட்டினார்கள். மூன்றாவதில் கழுத்து மரமே உடலின் நடுவே கடைசி வரை ஓடும். தஞ்சாவூரில் ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கு ஒட்டு வீணையைவிட மதிப்பு அதிகம் அல்லவா? கடைக்காரர் கணக்கு வேறு. திருகாணிக் கழுத்து கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். மற்ற இரண்டிலும் முதலுக்கே மோசம்.

கழுத்தின் முதுகு வடிவம் 'சி', 'யூ', 'வி' என்று பலவகை. 'யூ' தடிமன், பெரிய கைக்கு ஏற்றது. பிள்ளைகளுக்கு மெல்லிய 'சி' போதும்.

சரக்கு எடுக்கும்போது, தச்சர் சட்டம் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள். லேசான வளைவை உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைச் சாவியால் திருப்பிச் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்ட கழுத்தை அந்தக் கம்பி நிமிர்த்தாது. அதை மொத்த வியாபாரியிடமே விட்டுவிட்டு மலை ஏறுங்கள்.