சித்தப்பாவுக்கு முக்கால் காசு!

திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோவில் இடத்தில் 2020 பிப்ரவரி 26-ம் தேதி சுத்தம் செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. தோண்டிக்கொண்டே போனவர்களுக்குச் சுமார் ஏழடி ஆழத்தில் ஒரு பாத்திரம் தட்டுப்பட்டது. உள்ளே பார்த்தால்... தங்கக் காசுகள்! எண்ணினார்கள். 505. அதில் 504 பொடிசு, ஒன்று மட்டும் பெரிசு. எடை 1.716 கிலோ. நம் பாஷையில் சொன்னால் 214 பவுன் சொச்சம்! அரபி எழுத்து பொறித்த காசுகள் என்று செய்தி வந்தது. கோவில்காரர்கள் ஒன்றுகூடக் குறையாமல் போலீஸில் ஒப்படைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை லால்குடியிலிருந்து திருச்சிக்கு ஆபீஸ் போகும் எங்கள் ரயில் கோஷ்டியில் சீட்டுக்கச்சேரி ரத்து! ஆளாளுக்கு ஒரு கொள்ளுத்தாத்தா முளைத்துவிட்டார். ஒருவர் வீட்டுக் கொல்லையில் குடம், இன்னொருவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் அண்டா. எல்லாத் தாத்தாக்களும் புதைத்தார்கள், ஒருத்தராவது இடத்தைச் சொல்லிவிட்டுச் சாகவில்லை!

என் நண்பன் மட்டும் வாயே திறக்கவில்லை. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் ஆசாமி. கால்குலேட்டரைத் தட்டி 214 பவுனை அன்றைய ரேட்டால் பெருக்கிக்கொண்டிருந்தான். 'இவன் ஏதோ விபரீதத்துக்குத் தயாராகிறான்' என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஊரடங்கெல்லாம் ஓய்ந்தபிறகு ஒருநாள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து நீளமான ஒரு பார்சலோடு வந்து இறங்கினான். மெட்டல் டிடெக்டர்! வீட்டில் 'தண்ணிக் குழாய் லீக்கேஜ் பார்க்கிற மெஷின்' என்று சொல்லி வைத்திருந்தான்.

ஒரு நீளத் தடி, அடியில் தோசைக்கல் சைஸில் வட்டத் தட்டு. தட்டுக்குள் செப்புக் கம்பிச் சுருள். அதில் மின்சாரம் ஓடும்போது சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதிலும் ஒரு குட்டி மின்சாரம் சுழல ஆரம்பிக்கும். அந்தக் குட்டி மின்சாரம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். தடி அதை மோப்பம் பிடித்து 'குய்ங்' என்று கத்தும். சமாசாரம் அவ்வளவுதான். டெலிபோன் புகழ் கிரஹாம் பெல் 1881-லேயே இப்படி ஒன்றைச் செய்து, குண்டடிபட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் குண்டைத் தேடியிருக்கிறார். குண்டு அகப்படவில்லை. கட்டில் மெத்தையில் இருந்த ஸ்பிரிங் கம்பிகள்தான் குழப்பிவிட்டன என்கிறார்கள்!

நம் ஊரில் இதற்கு முன்பே டிடெக்டர் இருந்ததே! வெற்றிலையில் மை தடவி, 'அதோ தெரியுது பார் குடம்' என்பார்களே... அதற்கு பாட்டரிகூட வேண்டாம். என்ன, குடத்துக்குப் பதிலாக நம் மணிபர்ஸைத்தான் அது சரியாகக் கண்டுபிடிக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கொள்ளிடக் கரைக்குப் போனோம். காதில் ஹெட்போன், கையில் தடியோடு நண்பன். பின்னால் மண்வெட்டியோடு நான். எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே, மணல் அள்ளிக்கொண்டிருந்த இரண்டு மாட்டு வண்டிகள் எடுத்தன பாருங்கள் ஓட்டம்... கொள்ளிடத்தில் ரேக்ளா ரேஸ்! எங்களை ரெய்டு வந்த அதிகாரிகள் என்று நினைத்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் மட்டும் தைரியமாகக் கிட்டே வந்து, "எலெக்‌ஷன் மீட்டிங்குக்கு பாம் செக் பண்றீங்களா சார்?" என்றார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைத்த புதையலை அக்கவுண்ட்ஸ் ஆசாமி நோட்டுப் போட்டுக் குறித்து வைத்திருக்கிறான். சோடா மூடி 61. மாட்டு லாடம் 4. துருப்பிடித்த ஏர்க்கொழு ஒன்று. சைக்கிள் செயின் அரை முழம். தாமரைப் பூ போட்ட பழைய இருபது பைசா ஒன்று. பான்பராக் காலத்து ஜரிகைக் காகிதம் கணக்கில்லை. ஒரு தடவை 'குய்ங்' சத்தம் பலமாக வந்து, முழங்கை ஆழம் தோண்டினால் டிராக்டர் நட்டு!

இந்தத் தடி ஒற்றைக் காசை ஏறக்குறைய ஒரு சாண் ஆழம்வரைதான் கண்டுபிடிக்கும். பாத்திரம், அண்டா மாதிரி பெரிய சமாசாரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே. திருவானைக்காவல் பாத்திரம் கிடந்ததோ ஏழடியில்! அதற்கு மேலே நாள் முழுக்க நடந்திருந்தாலும் இது 'கம்'மென்றுதான் இருந்திருக்கும்.

ஆனால் இந்தப் பக்கத்து மண்ணில் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1311-ல் மாலிக் கபூர் படை, 1323-ல் உலுக் கான் படை. ஸ்ரீரங்கத்திலிருந்து அழகிய மணவாளரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். அவர் திரும்பி வந்தது 1371-ல். பெருமாளுக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்கள் என்ன செய்திருப்பார்கள்? கையிலிருந்ததைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு உயிர் தப்பியிருப்பார்கள். திரும்பி வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வராதவர்களுடையதுதான் இன்று புதையல். சீர்காழி சட்டைநாதர் கோவிலில் 2023 ஏப்ரலில் யாகசாலைக்குப் பள்ளம் தோண்டியபோது இருபதுக்கும் மேல் ஐம்பொன் சிலைகளும், தேவாரப் பாடல்கள் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வந்தன அல்லவா? யாரோ பயந்து, பத்திரமாக அடுக்கி வைத்தவைதான்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை நண்பனின் சித்தப்பாவுடைய வாழைத் தோட்டம். ஐயன் வாய்க்கால் பாசனம். கோவில் பக்கம், தொல்லியல் துறை போர்டு வைத்த இடம் பக்கமெல்லாம் தடியோடு போகவே கூடாது என்று ஆரம்பத்திலேயே அவனிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். தோட்டத்துக்கும் சித்தப்பாவிடம் கேட்டுத்தான் போனோம். பதினோரு மணி வெயிலில் 'குய்ங்'. ஒரு சாண்கூட இல்லை. பச்சைக் களிம்பு ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூன்று செப்புக் காசு. பக்கத்தில் நாலைந்து பானை ஓடு.

எங்கள் ஊரில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் பழங்காசு பார்ப்பவர். நண்பன் புளி போட்டுத் தேய்க்கப் போனவன், நல்ல வேளை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று போனான். "தேய்ச்சே... கையை ஒடிச்சிடுவேன்!" என்றார். லென்ஸை வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறு பக்கம் உட்கார்ந்த உருவம். ஓரத்தில் நாகரி எழுத்து. "ராஜராஜ சோழன் காசு."

எங்களுக்கு மயிர்க்கூச்செடுத்தது. "ரொம்பக் குதிக்காதே. இது ஏகப்பட்டது கிடைச்சிருக்கு. கோடியெல்லாம் வராது" என்று உடனே காற்றைப் பிடுங்கினார். பிறகு அவர் கேட்டதெல்லாம் வேறு கேள்விகள். "எந்த இடம்? எவ்வளவு ஆழம்? பானை ஓடு எங்கே? ஓட்டையும் சேர்த்துக் கொண்டு வரலையா?"

காசைவிட ஓடு முக்கியமா? ஆமாம் என்று சாதித்தார். கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு எடுத்தவர்கள் எத்தனையோ பேர். மாக்கோதை, குட்டுவன் கோதை என்று சேர மன்னர் பெயர் போட்ட வெள்ளிக் காசுகளே அங்கே கிடைத்தன. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி மாதிரி ஒருவர் வியாபாரிகளிடம் தேடித் தேடி வாங்கிப் படித்ததால் தப்பித்தவை உண்டு. பாண்டியன் பெருவழுதி பெயர் பொறித்த காசைக்கூட அவர்தான் வெளியுலகத்துக்குக் காட்டினார். "அவர் கண்ணில் படாமல் உருக்கினது எத்தனை இருக்கும்? நம்ம தாலுகா அன்பில்ல கிடைச்சதே செப்பேடு... சுந்தர சோழன் தன் மந்திரி அநிருத்தருக்கு நிலம் கொடுத்த சாசனம். அதைக் கண்ணான்கிட்ட போட்டிருந்தா ரெண்டு தவலை வந்திருக்கும்!"

அவரே இன்னொரு கதையும் சொன்னார். இங்கிலாந்தில் ஹாக்ஸ்ன் என்று ஒரு கிராமம். 1992 நவம்பர் 16-ம் தேதி, ஒரு விவசாயியின் சுத்தியல் வயலில் தொலைந்துவிட்டது. அதைத் தேட டிடெக்டரோடு வந்தார் எரிக் லாஸ் என்ற நண்பர். கிடைத்தது ரோமானியர் காலத்துத் தங்கம், வெள்ளி! சுமார் 15,000 காசுகள், கூடவே நகை, வெள்ளிக் கரண்டிகள். கொஞ்சம் எடுத்ததுமே தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் கொடுத்துவிட்டார் மனிதர். நிபுணர்கள் வந்து அடுக்குக் கலையாமல் எடுத்ததால், எது எந்தப் பெட்டிக்குள் எப்படி இருந்தது என்பதுவரை தெரிந்தது. அரசாங்கம் அவருக்கு 17.5 லட்சம் பவுண்டு கொடுத்தது. விவசாயியோடு பங்கு போட்டுக்கொண்டார். சுத்தியலும் கிடைத்துவிட்டது. அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது!

இங்கே எங்கள் சித்தப்பாவுக்கோ தூக்கம் போய்விட்டது. "தம்பி, விஷயம் வெளியே தெரிஞ்சா கவர்மென்ட்டு நிலத்தை எடுத்துக்கும்டா. ராத்திரியே வாய்க்கால்ல விட்டெறிஞ்சிடு" என்றார். இதுதான் ஸார் விஷயமே. ஊரில் கிடைக்கிற காசு கலெக்டர் ஆபீஸுக்குப் போகாமல் பட்டறைக்குப் போவதற்குப் பேராசை பாதிக் காரணம் என்றால், இந்தப் பயம் மீதிப் பாதி. ரெண்டு ஏக்கர் வாழைதான் அவருடைய சொத்து. அந்த மனுஷனைச் சிரித்துத் தள்ளிவிட முடியுமா?

சட்டத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். (1878-ல் பத்து ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு அதில் ஒரு டீ வாங்கலாம், பல ஊரில் அதுவும் இல்லை!) என்ன பொருள், எங்கே கிடைத்தது, எந்தத் தேதி, எல்லாம் எழுத வேண்டும். கலெக்டர் விளம்பரம் கொடுத்து, நாலு மாசத்துக்குக் குறையாமல் அவகாசம் விட்டு உரிமை கோருபவர்களை அழைப்பார். யாரும் உரிமையாளர் இல்லை என்றாகி, வேறு ஒப்பந்தமும் இல்லாவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசாங்கமே எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். மறைத்தால்? பங்கும் போய், ஒரு வருஷம்வரை ஜெயிலோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். நிலத்தை எடுத்துக்கொள்வதாக அதில் ஒரு வரி கிடையாது.

மாமாங்கத்துக்குப் பிறகு சித்தப்பா முகத்தில் சிரிப்பு. "அப்ப எனக்குக் கால் பங்கா?"

"ஆமா சித்தப்பா. மூணு காசுல கால் பங்கு... முக்கால் காசு" என்றான் அக்கவுண்ட்ஸ்.

"முக்கால் காசை எப்படிடா வெட்டுவாங்க?"

"வெட்ட மாட்டாங்க. மதிப்புப் போட்டுப் பிரிப்பாங்க."

மதிப்பு பெரிசாக இருக்காது என்று வாத்தியார் சொன்னதையும் சொல்லிவிட்டோம். சித்தப்பா கொஞ்ச நேரம் சுருட்டு பிடித்தார். "போய்த் தொலையுது, எழுது" என்றார்.

திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதினேன். பொருள்: செப்புக் காசு மூன்று, பானை ஓடு ஐந்து. (ஓடுகளை மறுபடி போய்ப் பொறுக்கி வந்தோம். எந்தப் பக்கம் கிடந்தது என்று வாத்தியார் படம் போடச் சொல்லியிருந்தார்.) 'கிடைத்த இடம்' என்ற இடத்தில் சர்வே நம்பரை மட்டும் போட்டு நிறுத்தினேன். சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். அங்கிருந்தே கத்தினார்:

"கிணத்துக்கு வடக்க பதினேழு எட்டு. மூணாவது வரிசை, நாலாவது மரம். பூவன்னு போடு. தார் விட்டிருக்குன்னும் போடு!"