இடி விழுந்தது, ஆள் விழவில்லை! 93 சண்டையில் ஒரு தடவைகூடத் தரையைத் தொடாத 'இரும்புத் தாடை' வீரர்

கனடா நாட்டின் டொரண்டோ நகரம். 1966-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி இரவு.

மேப்பிள் லீப் கார்டன்ஸ் அரங்கத்தில் குத்துச்சண்டை. மேடையில் ஒரு பக்கம் உலக ஹெவிவெயிட் சாம்பியன் முகமது அலி. எதிரே உள்ளூர் ஆசாமி, பெயர் ஜார்ஜ் சுவாலோ.

கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்த தொழிலாளியின் மகன் இவர். அன்று அலியுடன் மோத வேண்டியவர் வேறு ஒருவர். அந்த ஏற்பாடு முறிந்துபோனது. சுவாலோவைக் கூப்பிட்டார்கள். சண்டைக்குத் தயாராக மூன்று வாரம்கூடக் கிடைக்கவில்லை.

"இவன் எங்கே தாக்குப் பிடிக்கப்போறான்?" என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

மணி அடித்தது. அலி குத்தினார். நெற்றியில், கன்னத்தில், தாடையில் என்று மாறி மாறிக் குத்தினார். 5 ரவுண்டு ஆயிற்று, 10 ரவுண்டு ஆயிற்று, கடைசியில் 15 ரவுண்டும் முடிந்தது.

ஊஹூம்! ஆள் விழவில்லை.

பாயிண்ட் கணக்கில் ஜெயித்தவர் அலிதான். ஆனால் சுவாலோ நின்றபடியேதான் மேடையை விட்டு இறங்கினார். 1972-ல் வான்கூவரில் மறுபடியும் இருவரும் மோதினார்கள். 12 ரவுண்டு நடந்தது. அப்போதும் விழவில்லை!

தோற்றார், ஆனால் விழவில்லை

சுவாலோ மொத்தம் போட்ட சண்டை 93. வெற்றி 73, தோல்வி 18, சமன் 2. இத்தனையிலும் அவர் தரையில் விழுந்தது ஒரு தடவைகூட இல்லை.

1967-ல் ஜோ பிரேசியர் விட்ட குத்தில் கண்ணுக்குக் கீழே எலும்பு உடைந்தது. நாலாவது ரவுண்டில் நடுவர் சண்டையை நிறுத்தினார். 1970-ல் ஜார்ஜ் போர்மன் மூன்றாவது ரவுண்டிலேயே நொறுக்கி எடுத்தார். அப்போதும் நடுவர்தான் குறுக்கே வந்தார். இரண்டு தடவையும் சுவாலோ காலில்தான் நின்றார்.

எடை குறைந்தவர்களிலும் உண்டு

பெருத்த உடம்புக்காரர்களுக்குத்தான் இந்தத் தெம்பு என்று நினைக்க வேண்டாம்.

எடை 72 கிலோ சொச்சத்துக்குள் அடங்கும் பிரிவு மிடில்வெயிட். அதில் ஜேக் லமோட்டா என்று ஒருவர் இருந்தார். 1951-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி சிக்காகோவில் சுகர் ரே ராபின்சன் அவரைத் துவைத்து எடுத்தார். முகம் வீங்கிப்போய், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார் லமோட்டா. 13-வது ரவுண்டில் சண்டை நிறுத்தப்பட்டது. அவர் விழவில்லை. அவர் கதைதான் 1980-ல் சினிமாவாக வந்தது. அதில் நடித்த ராபர்ட் டி நீரோவுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

அதே பிரிவில் மார்வின் ஹேக்லர். 67 சண்டையில் ஒரே ஒரு முறைதான் அவர் விழுந்ததாகக் கணக்கு. அது 1984-ல். "வழுக்கித்தான் விழுந்தேன்" என்பது அவர் கட்சி.

59 கிலோ பிரிவில் பட்டம் வாங்கி மேலே போனவர் மெக்சிகோவின் ஜூலியோ சீசர் சாவேஸ். 90 சண்டை வரை அவரை யாரும் கீழே தள்ளவில்லை. 1994 ஜனவரியில் பிராங்கி ராண்டல்தான் முதன்முதலாகத் தள்ளினார்.

என்ன ரகசியம்?

தாடையில் குத்து விழுந்தால் தலை வெடுக்கென்று திரும்பும். மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்கும். அதனால்தான் நினைவு தப்பி ஆள் சாய்கிறான்.

கழுத்து பருத்து, கெட்டியாக இருந்தால் தலை அவ்வளவாகத் திரும்பாது. மோவாயை மார்போடு ஒட்டி வைத்துக்கொள்வது இன்னொரு வித்தை. வரும் குத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் உடம்பு தயாராகிவிடும். பார்க்காமல் வாங்குகிற குத்துதான் ஆளைக் கவிழ்க்கும்.

பிறவியிலேயே சிலருக்குத் தாங்கும் சக்தி அதிகம். பயிற்சியால் அதை ஓரளவுதான் கூட்ட முடியும்.

விழாதவனுக்கே ஆபத்து!

கைதட்டுகிற கூட்டம் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறது.

குத்து வாங்கி விழுந்தவனுக்கு நடுவர் 10 எண்ணுகிறார். அவனுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. முடியாவிட்டால் சண்டை அதோடு முடிந்தது. விழாமல் நிற்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அடி மேல் அடிதான்!

1982-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி. இடம் லாஸ்வேகாஸ். கொரிய வீரர் கிம் டுக்-கூவும் அமெரிக்காவின் ரே மான்சினியும் மோதினார்கள். எடை 61 கிலோ பிரிவு. கிம் அசரவில்லை. வாங்கினார், திருப்பிக் கொடுத்தார். இப்படியே 13 ரவுண்டு ஓடியது. 14-வதில் விழுந்தார். அப்போதும் கயிற்றைப் பிடித்து எழுந்து நின்றார். நடுவர் சண்டையை நிறுத்தினார். சற்று நேரத்தில் கிம் மயங்கிச் சரிந்தார். மூளையில் ரத்தம் கட்டியிருந்தது. ஆபரேஷன் செய்தும் பலன் இல்லை. நாலு நாளில் உயிர் போயிற்று.

உலகப் பட்டச் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து 12 ஆகக் குறைந்தது அந்தச் சாவுக்குப் பிறகுதான்.

சென்னை பார்த்த அலி

முகமது அலியும் தாங்குவதில் சூரர். விழுந்தது உண்டு, ஆனால் விழுந்த ஒவ்வொரு தடவையும் எழுந்துவிட்டார்.

1980-ல் அவர் சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிச் சண்டை போட்டார். அதே வருடம் அக்டோபரில் லாரி ஹோம்சிடம் 10 ரவுண்டு அடி வாங்கினார். அப்போது வயது 38. விழவில்லை. அவருடைய ஆட்கள்தான் போதும் என்று நிறுத்தினார்கள்.

1984-ல் அவருக்கு பார்க்கின்சன் நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். மின்னலாய்ப் பாய்ந்த கைகள் நடுங்கின. மளமளவென்று பேசிய வாய் குழறியது. 2016-ல் காலமானார்.

தலையில் வாங்கும் அடி வீரர்களின் மூளையைக் கெடுக்கிறது என்று அமெரிக்க டாக்டர் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதி வைத்தார். தாடை தாங்கலாம். மூளை கணக்கு வைத்துக்கொள்கிறது!

"போதும்" என்று சொன்னவர்

1975-ல் மணிலாவில் அலியும் பிரேசியரும் மோதினார்கள். 14 ரவுண்டு முடிந்தது. பிரேசியரின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. ஆனாலும் இன்னொரு ரவுண்டு போகத் துடித்தார். பயிற்சியாளர் எட்டி பட்ச் விடவில்லை. "போதும்" என்று உட்கார வைத்துவிட்டார். பட்டம் வெல்லும் வாய்ப்பு போயிற்று, உயிர் தப்பியது.

நின்றவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். நிறுத்தியவனுக்கு யாரும் கைதட்டுவதில்லை. ஆனால் தைரியம் இரண்டுக்கும் வேண்டும்.

மேடைக்கு வெளியே

சுவாலோவின் கதைக்கு வருவோம்.

மேடையில் விழாதவரை வாழ்க்கை சும்மா விடவில்லை. போதைப் பழக்கம் அவர் வீட்டுக்குள் புகுந்தது. 1985-ல் ஒரு மகன் போனான். 1993-ல் இன்னொரு மகன். அந்தத் துக்கம் தாங்காமல் சில நாட்களில் மனைவியும் உயிரை மாய்த்துக்கொண்டார். 1996-ல் மூன்றாவது மகனும் போனான்.

எந்த நடுவரும் குறுக்கே வரவில்லை. எண்ணுவதற்கும் யாரும் இல்லை.

பிறகு அவர் செய்த வேலை என்ன தெரியுமா? பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனார். பிள்ளைகள் முன்னால் நின்றார். செத்துப்போன தன் பிள்ளைகளின் கதையைச் சொன்னார். "போதைப் பக்கம் போகாதீங்க" என்பதுதான் அவர் பேச்சின் சாரம்.

முதுமையில் அவருக்கும் நினைவு மங்கியது. எத்தனை சண்டை, யார் யார் குத்தினார்கள் என்பதையெல்லாம் மறக்க வைக்கும் நோய் அது.

ஏட்டில் மட்டும் மாறாமல் இருக்கிறது: சண்டை 93, விழுந்தது பூஜ்யம்.